யாரும் அதிகம் கேட்டிராத சேர்ந்திசையை நம்மூர் வளவில் கேட்க வைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பல குரல்கள் சேர்ந்து பாடுவது சேர்ந்திசை. ஐரோப்பாவின் பழைய சேர்ந்திசை, அதாவது 12ஆம் நூற்றாண்டிலிருந்து 17 வரை எழுதப்பட்டவை, அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புதியவை, இந்த இரண்டிலும் பலர் பெயரைக்கூடக் கேள்விப்படாத உருப்படிகள் நிறையக் கிடக்கின்றன. எனக்கு அவை மேல் உயிர். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருந்துகொண்டு இதை யாரோடு பகிர்ந்துகொள்வது என்று தவிக்கிறவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஆசையாக நாலு பேரைக் கூப்பிட்டு, தனக்கு மிகவும் பிடித்ததை முதலில் போட்டு, பத்தாவது நிமிடத்தில் எல்லோரும் கைப்பேசியை எடுத்துவிட, "நம்ம ஆட்களுக்கு இது ஒத்து வராது" என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்து வரும். பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது போடும் வரிசையும், அறையின் எதிரொலியும், நாம் பேசுகிற நீளமான பேச்சும்தான்.

1. ஆட்களைச் சேர்ப்பது

எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். அதற்கு மேல் போனால் இரண்டு ஒலிபெருக்கிக்கு நேரே எல்லோரும் உட்கார முடியாது, ஓரத்தில் இருப்பவருக்குப் பாதிக் குரல்தான் கேட்கும்.

கலந்து கூப்பிடுங்கள். தேவாலயக் கொயரில் (பாடகர் குழுவில்) பாடுகிற ஒருவர், வீணையோ வாய்ப்பாட்டோ கற்ற ஒருவர், தேவாரம் ஓதத் தெரிந்த ஒருவர், பாட்டே தெரியாது என்று சொல்கிற ஒருவர். இந்தக் கடைசி ஆள் முக்கியம், ஏனென்றால் அவர் தன் காதில் விழுந்ததை மட்டும் சொல்வார். கொயரில் பாடுகிறவரை "நீங்கதான் விளக்கணும்" என்று மேடை ஏற்றாதீர்கள். அவர் பாடுவது வேறு வகையாக இருக்கலாம், சங்கடப்படுவார்.

லத்தீன் உருப்படிகளில் பெரும்பாலானவை கிறிஸ்தவ வழிபாட்டுப் பாடல்கள் என்பதைக் கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு தெரிந்தால் வயதான ஆச்சி ஒருவருக்கு மனசு சங்கடமாகலாம், முதலிலேயே சொன்னால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. வேண்டாம் என்பவர்கள் இருந்தால் வழிபாட்டோடு தொடர்பே இல்லாதவையும் உண்டு. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் கிளெமான் ஜானகேன் பறவைகளின் கூவலையே நாலு குரலில் எழுதியிருக்கிறார், குழந்தைகள்கூடச் சிரித்துக்கொண்டே கேட்கும்.

2. இடத்தைத் தயார் செய்வது

இதில் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும். நம் பக்கத்து வீடுகளில் வளவு, அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், என்றாலே கல்தூண், மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஒருவர் நேரில் பாடினால் அந்த எதிரொலி அழகு. ஆனால் நீங்கள் போடப்போகும் பதிவு ஏற்கெனவே ஒரு கல் தேவாலயத்தில் எடுக்கப்பட்டிருக்கும், அதன் எதிரொலி பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் வளவின் எதிரொலியும் ஏறினால் ஆறு குரலும் குழம்பி ஒரே இரைச்சலாகிவிடும். "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று வந்தவர்கள் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

முதலில் நடு வளவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் ஓசை இழுத்துக்கொண்டே போனால் அந்த இடம் வேண்டாம், உள்ளே மரக்கூரை உள்ள அறையோ இரண்டாம் கட்டில் (வீட்டின் பின்பகுதியில்) சின்ன அறையோ பாருங்கள். வளவில்தான் நடத்த வேண்டும் என்றால் தாழ்வாரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, பின்சுவரில் கனமான போர்வையோ பட்டுச்சேலையோ தொங்கவிட்டு, மறுபடி கை தட்டிப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். ஆட்கள் உட்கார்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் அடங்கும், மனித உடம்பும் ஒலியை உறிஞ்சும்.

அப்புறம் நேரம். மாலையில் காக்கை அடங்கின பிறகு, ஏழு மணிக்கு மேல் நல்லது. ஆடி, மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி எந்நேரம் ஓடும் என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியின் உறுமலில் மெல்லிய இடங்கள் எல்லாம் அமுங்கிப்போகும், ஆகவே கூட்டத்துக்குக் கால்மணி நேரம் முன்பு வேகமாக ஓடவிட்டு, பாட்டு தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள்.

3. கருவி

இரண்டு தனித்தனி ஒலிபெருக்கி வேண்டும். கையடக்கமான ஒற்றை ப்ளூடூத் பெட்டி இதற்கு உதவாது: இடது வலது இரண்டையும் ஒரே இடத்திலிருந்து தருவதால் இரட்டைக் குழுவுக்கு எழுதிய உருப்படிகளில் எந்தக் குழு எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை, கம்பி வைத்த சாதாரண இரண்டு பெட்டி போதும்.

சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி வையுங்கள், மூலையில் தள்ளினால் அடிக்குரல் வீங்கும். நம்மவர்கள் தரையில் உட்காருவார்கள் என்பதால் பெட்டியை உயரமான மேசையில் வைக்காமல், உட்கார்ந்தவர் காது மட்டத்துக்கு வரும்படி மணையோ தாழ்ந்த பலகையோ போட்டு வையுங்கள். பேஸ் கூட்டும் வசதி எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

ஒலி அளவை மெல்லிய இடத்தை வைத்துச் சரிபார்ப்பது எல்லோரும் செய்கிற தவறு. சேர்ந்திசை முணுமுணுப்பில் தொடங்கிக் கூரை அதிர ஏறும். ஆகவே ஒவ்வொரு உருப்படியிலும் மிக உரத்த இடத்தை முதலில் ஓடவிட்டு, அது காதைக் குத்தாத அளவில் வைத்து, அதற்குப் பிறகு கூட்டம் முடியும்வரை அதைத் தொடாதீர்கள். ஆரம்பம் மெதுவாகக் கேட்டால் ஆட்கள் தாமாகவே பேச்சை நிறுத்திக் காதைக் கொடுப்பார்கள்.

4. பதிவைத் தேடி இறக்கி வைப்பது

நேரடியாக இணையத்திலிருந்து ஓடவிடாதீர்கள். நடுவில் விளம்பரம் வந்தால் அன்றைய மாலை போச்சு. கோப்பை வாங்கியோ, கட்டணம் கட்டிய செயலியில் இறக்கியோ வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். கடைசிச் சுரம் அடங்கின பிறகு வருகிற அமைதியும் கேட்க வேண்டிய பகுதிதான்.

தேடும்போது பாட்டின் பெயரை மட்டும் போட்டால் வேறு எதுவோ வரும். ஒரே லத்தீன் வாசகத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் இசை எழுதியிருக்கிறார்கள். 'ஆவே மரியா' என்று தேடினால் ஷூபெர்ட்தான் வந்து நிற்பார், உங்களுக்கு வேண்டிய ராபர்ட் பார்சன்ஸ் எங்கோ அடியில் கிடப்பார். பாட்டின் பெயர், எழுதியவர் பெயர், பாடும் குழுவின் பெயர் மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். பழைய உருப்படிகளுக்கு டாலிஸ் ஸ்காலர்ஸ், ஹில்லியார்ட் என்செம்பிள், ஊல்காஸ் என்செம்பிள். எஸ்டோனியப் புதிய உருப்படிகளுக்கு எஸ்டோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் கொயர். இந்தப் பெயர்களில் தொடங்கினால் பாடும் தரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

5. வாசகத்தைத் தமிழில் ஒரே தாளில் தருவது

என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் உட்கார முடியாது. மூல வாசகத்தைத் தமிழ் எழுத்தில் ஒரு வரி, கீழே பொருள் ஒரு வரி. பெரிய எழுத்தில் அச்சடியுங்கள், வருபவர்களில் கண்ணாடி மறந்து வருபவர்கள் இருப்பார்கள்.

லத்தீன் வாசகங்களில் பல வேதாகமத்திலிருந்து வருபவை என்பதால் அவற்றுக்குத் தமிழ் வேதாகமத்திலேயே பொருள் கிடைத்துவிடும். இங்கேதான் புதியவர்கள் தடுக்குவார்கள். லத்தீன் வேதாகமத்தில் சங்கீதங்களின் எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். 'டே ப்ரொஃபுண்டிஸ்' லத்தீனில் 129, நம் கையில் இருக்கும் பதிப்பில் 130. எண்ணை அப்படியே வைத்துத் தேடினால் சம்பந்தமில்லாத சங்கீதம் வந்து நிற்கும். முதல் வரியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

6. வரிசை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் காது ஒரு மெட்டைத் தேடிப் பழகியது. ஒரு பாடகர், ஒரு மெட்டு, மற்றதெல்லாம் துணை. சேர்ந்திசையில், குறிப்பாகப் பழையதில், நாலு குரலும் சமம், நாலும் மெட்டு. மெட்டு எங்கே என்று தேடித் தேடிக் காது களைத்துவிடும். அந்தப் பழக்கத்திலிருந்து ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும்.

முதலில் எல்லாக் குரலும் ஒன்றாக நடக்கும் ஓர் உருப்படி. நான் போடுவது 'ஹனக்பச்சாப் குஸ்ஸிகுயினின்'. பெருவில், இன்காக்களின் கெச்சுவா மொழியில், நாலு குரலுக்கு எழுதியது. பெரெஸ் பொகானெக்ரா என்ற பாதிரியாரின் நூலில் 1631இல் லிமாவில் அச்சானது, அமெரிக்கக் கண்டங்களில் அச்சேறிய முதல் பலகுரல் இசை இதுதான். ஊர்வலத்தில் நடந்துகொண்டே பாடுவதற்கானது. ஒவ்வொரு கண்ணிக்கும் அதே மெட்டு திரும்ப வருவதால் இரண்டாவது கண்ணியிலேயே காது பழகிவிடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகிற நகரத்தார் காவடிக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நடை சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

இரண்டாவது, பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்துக்காக 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரோத்தின் எழுதிய 'விடேருன்ட் ஓம்னெஸ்'. கீழ்க்குரல் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்திருக்க, மேலே மூன்று குரல்கள் துள்ளி விளையாடும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே இல்லை. ஆனால் கீழே இருப்பது நிலையான ஆதார சுருதி கிடையாது. பழைய ஒற்றைக்குரல் கீதம் ஒன்றின் ஒவ்வொரு சுரத்தையும் ரப்பராக இழுத்து வைத்திருக்கிறார், அது அடுத்த சுரத்துக்கு நகரும்போது மேலே உள்ள எல்லாமே நிறம் மாறும். "கீழ்ச் சுரம் நகரும்போது கையைத் தூக்குங்க" என்று மட்டும் சொல்லி மூன்று நிமிடம் போடுங்கள். முழுவதும் போடாதீர்கள், பதினோரு நிமிடம் ஓடும்.

மூன்றாவதுதான் திறவுகோல்: ஜோஸ்கான் டெ ப்ரே எழுதிய நாலு குரல் 'ஆவே மரியா, விர்கோ செரேனா', 1502இல் வெனிஸில் பெட்ருச்சி அச்சடித்த முதல் மோடெட் (லத்தீன் வழிபாட்டுச் சேர்ந்திசை) தொகுப்பில் முதலில் நிற்பது. தொடக்கத்தில் ஒரே சொற்றொடரை மேல்க்குரல் பாட, அடுத்தது, அதற்கடுத்தது, கடைசியில் அடிக்குரல் என்று வரிசையாக ஒவ்வொன்றும் உள்ளே வரும். ஆட்களை நாலு பிரிவாக்கி ஆளுக்கொரு குரலைக் கொடுத்து, தன் குரல் நுழையும்போது விரலை உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு தடவை அடிக்குரலை ஓர் ஆச்சியிடம் கொடுத்தோம். கண்ணை மூடி உட்கார்ந்தவர், மூன்று குரலும் போன பிறகு சுட்டுவிரலை முழங்காலிலிருந்து மெதுவாக எடுத்தார், பாட்டு முடியும்வரை அந்த விரல் இறங்கவே இல்லை, குரல் மேலே போகும்போது மேலே, கீழே வரும்போது கீழே. இந்தப் பயிற்சி முடிந்தவர்களுக்கு அதற்குப் பிறகு எதைப் போட்டாலும் கேட்கும் வழி தெரிந்துவிடும்.

நாலாவது, போர்த்துகல்காரர் துவார்தே லோபோவின் 'ஆவுடிவி வோசெம் டெ செலோ', 1621, ஆறு குரல். 'வானத்திலிருந்து ஒரு குரலைக் கேட்டேன், கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள்' என்ற வெளிப்படுத்தின விசேஷ வசனம். இதற்குப் பயிற்சி எதுவும் தராதீர்கள், சும்மா கேட்கட்டும்.

இங்கே இடைவேளை. காப்பியும் சீப்புச் சீடையும் இப்போதுதான், பாட்டு ஓடும்போது வேண்டாம். சீடை கடிக்கும் சத்தத்தில் எந்தக் குரலும் நிற்காது.

இடைவேளைக்குப் பிறகு புதியவை. முதலில் சுவிஸ்காரர் ஃப்ராங்க் மார்ட்டின் இரட்டைக் குழுவுக்கு எழுதிய மாஸின் (திருப்பலி வாசகங்களுக்கான இசையின்) கடைசிப் பகுதி, 'ஆக்னுஸ் டேயி'. ஒரு குழு சீரான நடையில் கட்டையான சுரக்கூட்டுகளைப் போட்டுக்கொண்டே வர, மற்ற குழு மொத்தமும் ஒரே மெட்டை அதன்மேல் பாடும். முதல் பாதியில் மெட்டைத் தேடி அலைந்த காதுக்கு இங்கே ஒரு மெட்டு கிடைத்துவிடும், அதனால்தான் இது இந்த இடத்தில். மாஸின் மற்ற பகுதிகளை 1922இல் எழுதி, இதை 1926இல் சேர்த்தார். எழுதி முடித்து மேசைக்குள் வைத்துவிட்டார், இது தனக்கும் கடவுளுக்கும் நடுவில் உள்ள விஷயம் என்று. 1963இல்தான் முதன்முதலாகப் பாடப்பட்டது. இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டுப் போட்டால் அறை வேறு மாதிரி அமைதியாகிறது.

அடுத்து நார்வேக்காரர் க்னுட் நூஸ்டெட்டின் 'இம்மார்ட்டல் பாக்'. 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் பாக்கின் பாட்டு வரி ஒன்றை முதலில் உள்ளபடி பாடுவார்கள். பிறகு அதே வரியை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு நீளத்தில் இழுத்துப் பாடும். சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கரைந்து, கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேருவார்கள். 'எப்போது சேருகிறார்கள்' என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக எஸ்டோனியாவின் வெல்யோ டோர்மிஸ் 1972இல் எழுதிய 'ரவுவா நேட்மினே', இரும்பின் மேல் இடும் சாபம். ஒரு மந்திரவாதி முரசு மட்டும் துணை. இதைக் கட்டாயம் கடைசியில் வையுங்கள், இதன் வேகத்துக்கும் சீற்றத்துக்கும் பிறகு எது வந்தாலும் சப்பென்று ஆகிவிடும்.

முதல் கூட்டத்தில் வேண்டாதவை: 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் டாலிஸின் 40 குரல் 'ஸ்பெம் இன் ஆலியம்', 20ஆம் நூற்றாண்டு ஹங்கேரியர் லிகெட்டியின் 'லக்ஸ் எடெர்னா'. இரண்டும் அற்புதம்தான், ஆனால் நாலு குரலைப் பிரித்துக் கேட்கத் தெரியாத காதுக்கு வெறும் பெரிய சத்தமாகிவிடும். இந்தியத் தொடர்பு இருக்கிறதே என்று ஆங்கிலேயர் ஹோல்ஸ்ட்டின் ரிக்வேதப் பாடல்களை முதலில் போடுகிறவர்களும் உண்டு. வாசகம் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருக்கும். மந்திரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோய்ப் பாட்டைக் கேட்கவே மாட்டார்கள்.

7. ஒரு குறிப்பு, இரண்டு தடவை

ஒவ்வோர் உருப்படிக்கும் முன்னால் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினால் ஆட்கள் உங்களைக் கேட்பார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள். சின்ன உருப்படிகளை இரண்டு தடவை போடுங்கள். முதல் தடவை காது திசை தேடும், இரண்டாம் தடவைதான் கேட்கும்.

முடிந்ததும் "பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ஆமாம் என்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எந்த இடத்துல மாறிச்சு?" என்று கேளுங்கள்.

8. வரப்போகும் கேள்விகள்

"இது என்ன ராகம்?" கட்டாயம் வரும், காரைக்குடி வீணைப் பரம்பரையின் காற்றுப் படிந்த ஊர். பழைய ஐரோப்பிய மோடுகளின் (சுர அமைப்புகளின்) சுரவரிசையை மேளகர்த்தாவோடு ஒப்பிடலாம்: டோரியனுக்குக் கரகரப்பிரியா, ஃப்ரிஜியனுக்குத் தோடி, மிக்ஸோலிடியனுக்கு அரிகாம்போதி. ஆனால் அத்தோடு நிறுத்துங்கள். கமகம் கிடையாது, பிடி கிடையாது, குரல்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் ஒரு சுரம் திடீரென்று அரைச்சுரம் ஏறும். ராகமாகவே கேட்கத் தொடங்கினால் அந்த இடமெல்லாம் அபசுரமாகத் தோன்றும்.

"தாளமே இல்லையே?" துடிப்பு உண்டு, மிருதங்கம்தான் இல்லை. ஜோஸ்கான் ஓடும்போது தொடையில் மெதுவாகத் தட்டிக் காட்டினால் போதும்.

9. பாட வைப்பது

இரண்டாவது கூட்டத்தில் பாடுங்கள். ஒரு தடவை பாடிப் பார்த்தவருக்குக் காது கேட்கிற விதமே மாறிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது டாலிஸ் 1567 அளவில் ஆங்கிலச் சங்கீதப் புத்தகம் ஒன்றுக்கு எழுதிக்கொடுத்த மெட்டு, இப்போது டாலிஸ் கேனன் என்று சொல்வார்கள். மெட்டு முழுக்கச் சங்கராபரணச் சுரங்களுக்குள் அடங்கிவிடும், ஒரே மெட்டைத்தான் எல்லோரும் பாடுவார்கள், இரண்டாம் குழு நாலு அட்சரம் (தாளத் தட்டு) கழித்துத் தொடங்கும்.

முதலில் எல்லோரும் சேர்ந்து அகாரத்தில் மனப்பாடம் ஆகும்வரை பாடுங்கள். இதை முடிக்காமல் பிரித்தால் இரண்டாம் குழு முதல் குழுவின் வரியில் போய் விழும். அப்படி விழத்தான் செய்யும். ஒவ்வொரு குழுவையும் தங்களுக்குள் முகம் பார்த்து வட்டமாக நிற்க வைத்தால் குறையும். சுருதிப்பெட்டியைத் தொடக்கச் சுரத்துக்கு மட்டும் வைத்து, பாட ஆரம்பித்ததும் அணைத்துவிடுங்கள். இங்கே ஒரு குரலுக்கு இன்னொரு குரல்தான் சுருதி, பெட்டி ஓடினால் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு பக்கத்துக் குழுவைக் கேட்க மாட்டார்கள்.

சுரத்தாள் வேண்டுமென்றால் பழைய உருப்படிகளுக்கு சிபிடிஎல் (கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி) தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், 1998லிருந்து இயங்குகிறது. பதிப்பாசிரியர் சுருதியை ஏற்றியோ இறக்கியோ வைத்திருப்பார், உங்கள் ஆட்களின் குரலுக்கு ஒத்து வருகிறதா என்று பார்த்துவிட்டு நகல் எடுங்கள். புதியவற்றை அப்படி நகல் எடுக்காதீர்கள். இங்கே பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உண்டு. மார்ட்டின் இறந்தது 1974, நூஸ்டெட் 2014, டோர்மிஸ் 2017. பதிப்பகத்திடம் வாங்குங்கள், இல்லை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

10. அடுத்தடுத்த கூட்டங்கள்

ஒரு மாத இடைவெளி போதும். அதற்குள் முதல் கூட்டத்தின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், ஆனால் அதோடு இருபது புதிய இணைப்புகளையும் சேர்த்து அனுப்பினால் ஒன்றையும் திறக்க மாட்டார்கள்.

இரண்டாம் கூட்டத்துக்கு அன்ட்வான் ப்ரூமெலின் 12 குரல் 'நிலநடுக்க மாஸ்' பொருத்தம். முதல் பகுதி மட்டும். மூன்றாவதுக்கு ஜான் ஷெப்பர்டின் 'மீடியா விட்டா', இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும், அதற்குள் உட்காரப் பழகியிருப்பார்கள். நாலாவது கூட்டத்திலிருந்து தேர்வை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள், வரிசை மட்டும் சரியாக இருக்கிறதா என்று நீங்கள் ஒரு தடவை பார்த்தால் போதும். 'ஸ்பெம் இன் ஆலியம்' அப்போது போடலாம்.